நிலம் விற்ற பணம் வந்துவிட்டது, நிம்மதி போய்விட்டது. எவ்வளவு கொடுத்தால் மனசு அடங்கும்?

நொய்யல்கரை:

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை இரண்டு மூன்று வருடமாகப் படித்து வருகிறேன், நானே கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 44. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. சூலூர் பக்கம் அப்பா 1991-ல் வாங்கிய 60 சென்ட் நிலம் இருந்தது. அவர் வாங்கும்போது சோளக்காடு, இப்போது பக்கத்திலேயே பைபாஸ். அப்பா 2013-ல் தவறிப்போனார். போன மாதம் அந்த நிலத்தை விற்றேன், 1 கோடியே 20 லட்சத்துக்கு. கிரையம் முடிந்து வங்கியிலிருந்து மெசேஜ் வந்தபோது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். அன்று ராத்திரி நாலு தடவை எழுந்து போனை எடுத்து, பணம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஆறு வருடமாகத் தினமும் காலையில் தியானத்துக்கு உட்கார்கிறேன். இந்த ஒரு மாதமாகக் கண்ணை மூடினால் தொகைதான் வருகிறது. வாராவாரம் போகும் சத்சங்கத்தில் ஒரு பெரியவர், "பணம் வந்தால் பற்று வரும், பற்று வந்தால் இத்தனை வருஷம் உட்கார்ந்தது வீண்" என்று சொன்னார். அது முள் மாதிரி உள்ளேயே நிற்கிறது. ஊரில் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் வருகிறது, பத்து லட்சம் கொடுத்து கோபுர வேலையை நம் குடும்பத்தின் பேரில் ஏற்றுக்கொள் என்கிறார் அம்மா. மனைவிக்கு சரவணம்பட்டியில் ஃபிளாட் வாங்க ஆசை. பத்தில் ஒரு பங்கு, அதாவது 12 லட்சத்தைக் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் கொடுத்துவிட்டு மீதியை உறுத்தல் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பணமும் பக்தியும் ஒரே வீட்டில் இருக்க முடியுமா? எவ்வளவு கொடுத்தால் மனசு அடங்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிவநேசன்:

தம்பி, உங்கள் கேள்விக்குப் பட்டினத்தார் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வியாபாரம் செய்த பெரும் செல்வர், காதறுந்த ஊசி கூடக் கடைசி வழிக்கு வராது என்று ஓலையில் படித்ததும் எல்லாவற்றையும் விட்டுக் கோவணத்தோடு கிளம்பினார். அந்தக் கதையை நாம் எல்லாரும் சொல்கிறோம், ஆனால் அதில் வரும் கணக்குப்பிள்ளை சேந்தனாரை மறந்துவிடுகிறோம். பட்டினத்தார் சொன்னபடி களஞ்சியத்தைத் திறந்து ஏழைகளுக்கு விட்டவர் அவர்தான், அதற்காக அரசன் அவரைச் சிறையில் போட்டான் என்பது மரபுவழிக் கதை. பிறகு தில்லையில் விறகு வெட்டி விற்று, களி கிண்டி அடியாருக்குப் போட்டுச் சாப்பிட்டார். இன்றும் திருவாதிரைக்கு வீட்டில் களி கிண்டுகிறோமே, அது அவர் கைப்பண்டம்.

உங்கள் பெரியவர் சொன்னதில் பாதி சரி. பணம் பற்றைக் கொண்டு வராது, ஏற்கெனவே உள்ளே இருந்ததை வெளியே காட்டும். ராத்திரி நாலு தடவை எழுந்தீர்களே, அந்தப் பயம் போன மாதம் பிறந்ததா என்ன? 12 லட்சமா 20 லட்சமா என்பது இரண்டாவது கேள்வி. மனசால் விட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஜனகர் அரண்மனையிலேயே இருந்துகொண்டு ஞானியாக இருந்தாரே.

மளிகை மாரி:

நான் விருதுநகர் பக்கம், மூன்று தலைமுறையாகப் பருப்பு மொத்த வியாபாரம். ஞானம் பற்றிப் பேச எனக்குத் தெரியாது, கல்லாப்பெட்டி பற்றித்தான் தெரியும்.

எங்கள் தாத்தா கணக்கு எழுதும்போது வரவு, செலவு, லாபம் எல்லாம் போட்டு முடித்துக் கடைசியில் "சாமிக்கு எவ்வளவு கொடுக்கலாம்" என்று யோசித்தவர் இல்லை. மூட்டை கைமாறும்போதே மகமை தனியாகப் போய்விடும். மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறையில், அதாவது எங்கள் சமுதாயச் சங்கத்தில், பேசி வைத்திருப்பார்கள். லாபமோ நஷ்டமோ, அது உன் காசு கிடையாது, உன் கல்லாவில் ராத்தங்குகிறது, அவ்வளவுதான். அந்த மகமையில்தான் கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியில் நடந்த பள்ளி. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள், அது பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் ஆச்சி வீட்டில் அந்தக் கலயத்தை நானே பார்த்திருக்கிறேன், கழுத்து உடைந்த மண்கலயம், மூடிக்குப் பதில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அரிசி தட்டுப்பாடான வருடத்திலும் அந்தக் கலயத்தில் கை வைக்கக் கூடாது என்று ஆச்சி அடித்துச் சொல்லும். நகரத்தார் கடல் தாண்டிப் போய் வட்டித்தொழில் செய்த ஊர்களிலும் இதே மகமை வழக்கம்தான். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்கு 1859-லேயே அவர்கள் கோயில் கட்டிவிட்டார்கள்.

உங்களுக்கு என் யோசனை: "எவ்வளவு கொடுத்தால்" என்று கேட்காதீர்கள். இதில் எது என்னுடையது, எது என்னுடையது இல்லை என்று கேளுங்கள். வியாபாரியின் மனசு அங்கேதான் அடங்கும்.

நொய்யல்கரை:

நன்றி சிவநேசன் ஐயா, நன்றி மாரி அண்ணா. அந்தக் கலயம் மனதில் நின்றுவிட்டது. எங்கள் பாட்டியும் பிடியரிசி எடுத்துவைப்பார், பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்கு என்று. "எது என்னுடையது இல்லை" என்பது மட்டும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நிலம் முழுக்க என் பேரில்தான் இருந்தது, வில்லங்கம் எதுவும் இல்லை.

காயல் காற்று:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். மாரி அண்ணன் சொன்னது எங்கள் மார்க்கத்தில் சட்டமாகவே இருக்கிறது. ஜகாத் எங்களுக்குக் கட்டாயக் கடமை, அதைத் தர்மம் என்று நாங்கள் சொல்வதில்லை. விரும்பிக் கொடுப்பது ஸதகா, அது வேறு. ஜகாத் ஏழையின் ஹக், அவனுடைய உரிமை, நம் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 85 கிராம் தங்கத்தின் மதிப்புக்கு, நம் கணக்கில் பத்தரைப் பவுனுக்குக் கொஞ்சம் மேலே, சேமிப்பு இருந்து அது ஒரு சந்திர வருடம் தங்கினால் நூற்றுக்கு இரண்டரை. யாருக்குப் போக வேண்டும் என்பதற்கும் எட்டு வகை வகுத்திருக்கிறது, கடனில் மூழ்கினவரும் அதில் ஒரு வகை.

இங்கே உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஜகாத் கணக்குப் போட உட்காரும்போது நான் கொடுக்க வேண்டிய கடனை முதலில் கழித்துவிடுவேன். என் வாப்பா ரமலானில் ஒரு பச்சை அட்டை நோட்டைத் திறப்பார். இடது பக்கம் "நாம் கொடுக்க வேண்டியது" என்று மேலே எழுதி, தையற்காரருக்கு 40 ரூபாய் பாக்கி என்றால் அதுவும் அதில் ஏறும். அந்தப் பக்கம் முடியாமல் வலது பக்கம் போக மாட்டார். மற்றவன் பணத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து தர்மம் செய்தால் ஏற்கப்படாது என்று எங்களுக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லித்தருகிறார்கள். வட்டிப் பணமும் இப்படித்தான். வங்கியில் தானாக வந்து சேரும் வட்டியைப் பலர் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அதற்கு நன்மையை எதிர்பார்க்க மாட்டார்கள். அது கையைக் கழுவுவது, கொடை இல்லை.

செம்பருத்தி:

நொய்யல்கரை அண்ணா, ஒரு கேள்வி கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் உண்டா?

நொய்யல்கரை:

ஒரு தங்கச்சி, சோமனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை கூலிக்குத் தறி ஓட்டுகிறார். 2014-ல் அம்மாவும் தங்கச்சியும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டார்கள், முறைப்படி பதிவு செய்ததுதான். அதனால்தான் வில்லங்கம் இல்லை என்றேன். கல்யாணத்தின்போது அப்பா 15 பவுன் போட்டு, சீர் எல்லாம் குறைவில்லாமல் செய்திருந்தார்.

செம்பருத்தி:

நினைத்தேன். நான் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட தங்கச்சி. உங்கள் தங்கச்சி இல்லை, இன்னொருத்தர் தங்கச்சி. எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

அப்பா போய் எட்டாவது மாதம். அண்ணன் போன் செய்து, "பாப்பா, ஒரு கையெழுத்து வேணும், ஆதாரும் ரெண்டு போட்டோவும் எடுத்துட்டு வா" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போனேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அண்ணி வீட்டிலிருந்து தக்காளிச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார், சிரித்துப் பேசிக்கொண்டேதான் சாப்பிட்டோம். உள்ளே கூப்பிட்டார்கள். "சம்மதம்தானே?" என்று கேட்டார்கள், தலையாட்டினேன். விரல் ரேகை வைத்துவிட்டு வெளியே வந்து சுவரில் விரலைத் துடைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணன் 500 ரூபாயைக் கையில் திணித்தார், பஸ் செலவுக்கு. அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்குச் சீர் வராது. நாளைக்கு என் மகளுக்குத் தாய்மாமன் சீர் செய்ய யாரும் நிற்க மாட்டார்கள். பிறந்த வீட்டு வாசலை விலையாக வைத்துத்தான் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம் அண்ணா. அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

என் அண்ணனும் பக்திமான். அந்த நிலத்தை விற்று அறுபடை வீட்டுக்கும் போய்வந்தார். எனக்கு விபூதி, பஞ்சாமிர்தம் எல்லாம் கொடுத்துவிட்டார். வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

சிவநேசன்:

அம்மா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் தம்பி கேட்டது ஆன்மிகக் கேள்வி, நாம் அதைப் பாகப்பிரிவினைக்கு இழுத்துக்கொண்டு போகிறோம். பத்திரம் எழுதி ஆயிற்று, சட்டப்படி முடிந்துவிட்டது. இனி அவர் மனசை எப்படி நிறுத்துவது என்பதுதான் விஷயம். எல்லாக் குடும்பத்தையும் இப்படித் தோண்ட ஆரம்பித்தால் யாருக்கும் நிம்மதி இருக்காது.

பாளை டீச்சர்:

சிவநேசன் அய்யா, உங்களை நான் மதிக்கிறேன், ஆனால் இந்த இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. நான் 33 வருஷம் தமிழ் டீச்சர், இப்போது ஓய்வில் இருக்கிறேன், ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவள். தசமபாகம் என்று சம்பளத்தில் பத்தில் ஒன்றை எடுத்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கர்த்தர் தசமபாகத்தை விடக் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு, மத்தேயு 5-ம் அதிகாரத்தில். காணிக்கையைப் பீடத்துக்குக் கொண்டு வருகிறாய், உன் சகோதரனுக்கு உன்மேல் ஒரு குறை இருப்பது நினைவுக்கு வருகிறது, அப்படியென்றால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து காணிக்கை செலுத்து. உனக்கு அவன்மேல் குறை என்று அங்கே இல்லை, அவனுக்கு உன்மேல் என்று இருக்கிறது. இந்த வசனத்தை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், சண்டை போட்டவர்கள் கைகுலுக்கிக்கொள்வதற்குத்தான் சொல்வார்கள். சொத்தில் பங்கு தராத தங்கச்சியை நினைத்து ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் சபைகளிலும் அசனம் என்கிற சபை விருந்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்துவிட்டு அக்கா தங்கைக்கு ஒரு சென்ட் கொடுக்காதவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து சொல்கிறேன்.

பணமும் பக்தியும் ஒரே வீட்டில் இருக்குமா என்று கேட்டீர்கள் தம்பி. வகுப்பில் நான் அடிக்கடி நடத்திய குறள் ஒன்று, 757. அருள் என்பது அன்பு பெற்ற குழந்தை, அது பொருள் என்கிற செவிலித்தாயால் வளரும் என்கிறார். பெற்ற தாய் பணம் இல்லை, அன்புதான். ஆனால் பால் கொடுத்து வளர்க்கச் செவிலி வேண்டும். இதில் பணம் பாவம் என்று எங்கே இருக்கிறது? செவிலியிடம் பிள்ளையையே கொண்டு போகாமல், பால் மட்டும் வீட்டில் கொட்டிக் கிடந்தால் என்ன பிரயோஜனம் என்றுதான் நான் கேட்பேன்.

வெண்குன்றம்:

நான் தமிழ்ச் சமணன், வந்தவாசிப் பக்கம். எங்களைப் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது, மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்த குடும்பங்கள். சுருக்கமாக ஒன்று சொல்கிறேன்.

இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதம் உண்டு. ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. துறவி எதையுமே வைத்துக்கொள்ளக் கூடாது, இல்லறத்தான் ஓர் அளவு கட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு பணம் போதும் என்று முன்கூட்டியே சங்கற்பம். பணம் வந்த பிறகு அளவு கட்டுவது ரொம்பக் கஷ்டம், வருவதற்கு ஏற்றபடி அளவும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் இந்த ஐந்தாவதற்கு முன்னால் மூன்றாவதாகக் கள்ளாமை இருக்கிறது. வரிசையை மாற்ற முடியாது. கொடுக்காததை எடுக்காதே, அப்புறம்தான் இருப்பதில் அளவு. பத்திரத்தில் கொடுத்ததாக எழுதியிருப்பதும் மனசார ஒருவர் கொடுத்ததும் ஒன்றா என்பது உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும்தான் தெரியும். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

நொய்யல்கரை:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன், பதில் எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் கோபமும் இருந்தது, மறைக்கவில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன், பயிர்க்கடன் எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 40 ஆயிரம் இருந்தது, அதை அடைத்தது நான். அம்மாவைப் பதினோரு வருடமாக வைத்துப் பார்ப்பது நான். முட்டி ஆபரேஷன் செலவும் நான்தான். நிலத்தில் 2016-ல் ஆழ்துளைப் போர் போட்டு, வேலி கட்டியதும் நான். தங்கச்சி இது வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. 15 பவுன் போட்டோம். இதற்கெல்லாம் கணக்கே இல்லையா?

மளிகை மாரி:

கணக்கு இருக்கிறது தம்பி, ஏன் இல்லாமல்? அதைத்தான் எழுதச் சொல்கிறோம். நோட்டை எடுத்து எழுதுங்கள். அப்பா கடன் 3,40,000, கழியுங்கள். போர், வேலி, ரசீது இருக்கிற வரைக்கும் கழியுங்கள். வரி கழியுங்கள். அம்மா வைத்தியச் செலவை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுங்கள், எழுதும்போது கை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பவுனையும் எழுதுங்கள். ஆனால் அதே பக்கத்தில் உங்கள் காலேஜ் ஃபீஸையும் எழுத வேண்டும், அதுவும் அப்பா காசுதானே? தங்கச்சி எது வரை படித்தது?

எங்கள் குடும்பத்திலும் நடந்ததுதான். அத்தைமார் மூன்று பேர், கடையில் அவர்களுக்குப் பங்கு இல்லை என்று பேசி முடித்துவிட்டார்கள். தாத்தா மகமை ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை. நான் மேலே பெருமையாக எழுதினேனே அந்தக் கலயம், அந்தக் கலயத்தில் அரிசி போட்டது அந்த மூன்று அத்தைமார்தான். செம்பருத்தி எழுதியதைப் படிக்கும்வரை எனக்கு இது உறைக்கவில்லை. சின்ன அத்தை ஒருத்தர்தான் இப்போது இருக்கிறார், சாத்தூரில். நான் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

சிவநேசன்:

டீச்சரம்மா சொன்னதை யோசித்துப் பார்த்தேன். என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சேந்தனார் கதையைச் சொன்னவன் நான், அவர் முதலில் செய்தது களஞ்சியத்தைத் திறந்ததுதான், களி கிண்டியது பிறகு. நான் அந்த முதல் பாதியை வெறும் கதையாக விட்டுவிட்டேன்.

வடலூர் வழிப்போக்கன்:

படித்துக்கொண்டே வந்தேன், ஒரே ஒரு விஷயம். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் தருமசாலையில் எரிகிறது. மாதப் பூசத்துக்கு நான் போய் காய் நறுக்கிக் கொடுப்பேன். அங்கே அரிசி மூட்டை இறக்குகிறவர்களில் சிலர் பேர் சொல்லாமலேயே போய்விடுவார்கள், ரசீது வேண்டாம் என்பார்கள். ஒருநாள் ஓர் அம்மா தூக்குவாளியில் கால் படி அரிசி கொண்டு வந்து, "இது என் கூலி அரிசி சாமி, வேற யார் பங்கும் இதுல இல்ல" என்று சொல்லிக் கொட்டினார். அப்போது எனக்கு அது ஏன் சொல்கிறார் என்று புரியவில்லை.

கணக்குப்பிள்ளை:

வரி ஆலோசனை என் தொழில், அதனால் நடைமுறையை மட்டும் சொல்கிறேன். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. மகள் கல்யாணமாகிப் போனவள் என்பதால் ஒன்றும் குறையாது. பதிவான விடுதலைப் பத்திரத்தால் அந்தப் பங்கு உங்களுக்கு வந்துவிட்டது, ஆகவே கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் இப்போது கட்டாயப்படுத்தாது. கொடுக்க நினைத்தால் தடுக்கவும் செய்யாது.

மூலதன ஆதாய வரி விற்றவர் என்ற முறையில் உங்கள் தலையில்தான் வரும். நிலம் பழையது என்பதால் 2001 ஏப்ரல் 1 மதிப்பை வாங்கிய விலையாக எடுக்கலாம். பிறகு 12.5 சதவீதம் ஒரு வழி, விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் இன்னொரு வழி, எதில் வரி குறைவோ அது. கோயில் நன்கொடைக்கு வரிவிலக்கு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் அந்தக் கோயிலுக்கு வரிக்கழிவு அங்கீகாரம் (80ஜி என்பார்கள்) உண்டா என்று கேளுங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. தங்கைக்குக் கொடுக்கும் பணம் எவ்வளவு என்றாலும் வாங்குகிறவருக்கு வருமான வரி இல்லை, உடன்பிறந்தவர் அந்த விலக்கில் வருகிறார். வங்கி வழியாகக் கொடுங்கள்.

நொய்யல்கரை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நோட்டுப் போட்டேன், மாரி அண்ணா சொன்னபடி. அப்பா கடனையும் போர் செலவையும் எழுதினேன். அம்மா ஆபரேஷன் செலவை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். என் காலேஜ் செலவை எழுத உட்கார்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. நான் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தபோது தங்கச்சி பிளஸ் டூ முடித்தது, நர்சிங் படிக்க ஆசைப்பட்டது. ரெண்டு பேருக்கும் கட்ட முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். இருபது வருடமாக நான் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை சோமனூர் போனேன். மாப்பிள்ளை தறியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்த விடுதலைப் பத்திரத்தின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு வந்தது. நாலாக மடித்து, மடிப்பில் எல்லாம் கிழிந்து, செலோ டேப் ஒட்டியிருந்தது. "எங்கிட்ட இது இருக்குன்னு உனக்குத் தெரியாதில்ல? இதுல என்ன எழுதியிருக்குன்னு அன்னிக்கு யாருமே எனக்குப் படிச்சுக் காட்டல. நானே வீட்டுக்கு வந்துதான் படிச்சேன்" என்றது. "அன்பினாலும் பாசத்தினாலும் எந்தவிதமான பிரதிபலனும் இன்றி" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் காட்டி, "இது மட்டும் பொய் இல்லண்ணா" என்றது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பணம் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னது. அப்புறம் மாப்பிள்ளை வந்து, பையன் டிப்ளமோ சேர்வதைப் பற்றி மெதுவாகப் பேசினார். முடிவில் இப்படி ஆயிற்று. வரியும் அப்பா கடனும் போரும் கழித்து மீதியை மூன்றாகப் பிரிக்கிறேன். அம்மா பங்கு அம்மா பேரிலேயே வைப்பு நிதியாக இருக்கும், கோபுரத்துக்குக் கொடுப்பதோ வேண்டாமோ அவர் இஷ்டம். அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, "பொட்டப்புள்ளைக்குக் கொடுத்து ஊர் வாயில் விழுகிறாய்" என்கிறார். தன் பங்கும் தனக்கே திரும்பி வருகிறது என்று சொன்னபோது மட்டும் சத்தம் நின்றது. மனைவியோடு நான்கு நாள் பேச்சு இல்லை. பிறகு அவளே வந்து, அவள் அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் 2018-ல் என்று சொன்னாள். எனக்கு அது இதுவரை தெரியாது, என்னிடம் சொல்லவே இல்லை. ஃபிளாட் இப்போதைக்கு இல்லை.

தியானத்தில் தொகை வருவது நிற்கவில்லை, வந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று காலை வந்தது மூன்றில் ஒரு பங்கு. கும்பாபிஷேகத்துக்கு என் பங்கிலிருந்து ஒரு லட்சம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், கல்லில் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. தங்கச்சி கணக்குக்குப் பணம் அனுப்பும்போது ஏதாவது எழுத்து வேண்டுமா?

செம்பருத்தி:

அண்ணா, உங்கள் தங்கச்சி ஜெராக்ஸைக் காட்டிய இடத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது, பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில். உங்கள் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

வெள்ளைத்தாளில் ஒரு கடிதம் போதும். தேதி, தொகை, அனுப்பும் வங்கிக் கணக்கு, இன்னார் என் உடன்பிறந்த தங்கை என்று ஒரு வரி, இருவர் பான் எண், இருவர் கையெழுத்து. உங்களிடம் ஒரு பிரதி, அவரிடம் ஒரு பிரதி. அதில் "அன்பளிப்பு" என்ற சொல் இருக்கட்டும், வரிக்கணக்கில் அதற்கு அதுதான் பெயர். வீட்டில் பாகம் என்றே சொல்லுங்கள். கையெழுத்து வாங்கும் முன்னால் முழுக்கப் படித்துக் காட்டிவிடுங்கள்.